மழையில் வென்ற விவசாயி. ஈரத்தடத்தில் முடிந்த பயணம்: ஜிம் கிளார்க்கின் வாழ்க்கை

ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் ஆடு வளர்ப்பும் பயிர்த்தொழிலும் செய்துவந்த குடும்பத்தில் பிறந்து, இருமுறை ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் பட்டம் வென்ற ஜிம் கிளார்க், 1968 ஏப்ரல் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் நிகழ்ந்த விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 32. அன்று தடம் ஈரமாக இருந்தது.

72 கிராண்ட் பிரி பந்தயங்கள், 25 வெற்றிகள், 33 முறை முதலிடத்திலிருந்து தொடக்கம் என்னும் கணக்குகள் அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் இடம்பெறுகின்றன. ஆனால் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது பெரும் நிறுவனங்களின் பயிற்சிக்கூடத்தில் அல்ல. பரிசுத்தொகை பெட்ரோல் செலவுக்குக்கூடப் போதாத உள்ளூர் கிளப் பந்தயங்களில், கைவிடப்பட்ட விமானத் தளங்களில், நண்பரிடம் இரவல் பெற்ற கார்களில்தான் அவர் அந்தக் கலையைப் பயின்றார். அங்கு பெற்ற இலகுவான கைப்பழக்கமே பின்னாளில் மழைநாள் பந்தயங்களில் அவரைத் தனித்து நிற்கச் செய்தது.

1936 மார்ச் 4 அன்று ஃபைஃப் பகுதியிலுள்ள கில்மனி என்னும் சிற்றூரில் ஜிம் கிளார்க் பிறந்தார். நான்கு அக்காள்களுக்குப் பின் பிறந்த ஒரே ஆண் பிள்ளை. 1942இல் குடும்பம் இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பெரிக்ஷயரில் எடிங்டன் மெயின்ஸ் என்னும் பெரிய பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனாக இருந்தபோதே பண்ணை வயல்களில் டிராக்டரையும் தந்தையின் காரையும் ஓட்டிப் பழகினார். லொரெட்டோ பள்ளியில் பயின்றுவந்தவர், பண்ணையைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டதால் 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். ஆடுகளைப் பராமரிப்பதும் அறுவடையை மேற்பார்வையிடுவதும் அவருடைய அன்றாட வேலைகளாயின.

அக்கம்பக்கத்து இளம் விவசாயிகளிடையே அப்போது கார் மோகம் பரவியிருந்தது. அவர்களுள் ஒருவரான இயன் ஸ்காட் வாட்சன், கிளார்க்கைப் பந்தயங்களுக்கு உதவியாளராக அழைத்துச் செல்வது வழக்கம். 1956 ஜூனில் அபர்டீனுக்கு வடக்கே கிரைமண்ட் விமானத் தளத்தில் நடந்த பந்தயத்தில், தம்முடைய சிறிய டிகேடபிள்யூ காரைக் கிளார்க்கிடம் கொடுத்து ஓட்டச் சொன்னார். காரின் சொந்தக்காரரைவிடச் சுற்றுக்குச் சில விநாடிகள் விரைவாக ஓட்டினார் கிளார்க். பெற்றோருக்கு இது தெரியாது. ஒரே மகன் பண்ணையை விட்டுவிட்டுப் பந்தயக் களத்தில் உயிரைப் பணயம் வைப்பதை அவர்கள் ஒருபோதும் விரும்பியதில்லை. அவர் உலகச் சாம்பியனான பிறகும் அந்தக் கவலை முற்றிலும் தீரவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் பிரிட்டன் முழுவதும் விமானப் படை கைவிட்ட ஓடுபாதைகள் ஏராளமாக இருந்தன. அவற்றின் மூலைகளில் வைக்கோல் கட்டுகளையும் எண்ணெய் பீப்பாய்களையும் அடுக்கி, உள்ளூர் கார் கிளப்புகள் பந்தயத் தடங்களை அமைத்தன. கிளார்க்கின் பண்ணைக்கு அருகிலிருந்த சார்ட்டர்ஹால், வின்ஃபீல்டு ஆகியவையும் அத்தகையவையே. வாரநாளில் பயிரும் கடையும் பட்டறையும் கவனித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தலைக்கவசம் அணிந்து களமிறங்கினர். கொடி காட்டுபவரும் நேரம் குறிப்பவரும் கிளப் உறுப்பினர்களே. ஸ்காட்லாந்தின் வானிலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மழை வந்தது என்பதற்காகப் பந்தயத்தை நிறுத்தும் வழக்கம் அங்கு இல்லை. நிறுத்தினால் ஆண்டு முழுவதும் பந்தயமே நடந்திருக்காது.

காய்ந்த சாலையில் டயரின் ரப்பர், தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் பதிந்து பிடிப்பு கொள்கிறது. மழையில் இரண்டுக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்துகொள்கிறது. டயரிலுள்ள வெட்டுகள் நீரை வெளியேற்றுவதைவிட விரைவாகக் கார் சென்றால், சக்கரம் தரையை விட்டு எழும்பி நீரின்மீது மிதக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை அழுத்தினாலும் பயனில்லை. வழக்கமாகக் கார்கள் செல்லும் பாதையில் படிந்திருக்கும் ரப்பரும் எண்ணெயும் மழைத்துளி பட்டதும் வழுக்கத் தொடங்குவதால், நேற்று சிறந்ததாக இருந்த பாதை இன்று ஆபத்தானதாகிவிடும். முன்னே செல்லும் காரின் சக்கரங்கள் வாரியிறைக்கும் நீர்த்திவலை கண்ணை மறைக்கும். திறந்த காரில் கண்ணாடியைத் துடைக்கக் கையை எடுத்தால், ஸ்டியரிங்கில் எஞ்சுவது ஒரு கைதான்.

இத்தகைய நாளில் என்ஜினின் வலிமை பெரிதும் உதவுவதில்லை. அதிகத் திறன் கொண்ட கார், பின்சக்கரங்கள் சுழன்று வழுக்குவதால் திணறும். எடை குறைந்த சிறிய கார் முன்னேறும். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் ஆக்சிலரேட்டரையும் வெடுக்கென இயக்காமல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நழுவிச் செல்லத் தெரிந்தவரே வெல்வார். கிளார்க் இயல்பிலேயே அப்படித்தான் ஓட்டினார். ஒரே பந்தயத்தில் ஓடிய மற்றவர்களின் கார்களைவிட அவருடைய காரின் டயரும் பிரேக்கும் குறைவாகவே தேய்ந்திருக்கும் என்பது அவருடன் பணியாற்றிய மெக்கானிக்குகள் அறிந்த செய்தி.

1958இல் பார்டர் ரீவர்ஸ் என்னும் உள்ளூர்ப் பந்தயக் குழு அவருக்கு டி-டைப் ஜாகுவார் காரை வழங்கியது. அந்தக் காலத்து விளையாட்டுக் கார்களுள் மிக வேகமானவற்றில் ஒன்று அது. குழுவின் பெயர், முற்காலத்தில் எல்லைப்புறத்தில் மாடு கவர்ந்து திரிந்த கொள்ளைக்கூட்டங்களைக் குறிப்பது. அதை நடத்தியவர்கள் விவசாயிகளும் சர்ன்சைடு ஊரில் கார் பட்டறை வைத்திருந்த ஜாக் மெக்பெயினும். யார்க்ஷயரின் ஃபுல் சட்டன் விமானத் தளத்தில் அந்தக் காரை மணிக்கு 100 மைலுக்கும் அதிகமான சராசரி வேகத்தில் ஓட்டிய கிளார்க், அந்த ஒரே பருவத்தில் பல வெற்றிகளைக் குவித்தார். ஆயினும் தம்மை அவர் விவசாயி என்றே கருதினார். பந்தயம் விடுமுறைநாள் பொழுதுபோக்கு.

அந்த எண்ணத்தை முதன்முதலில் உலுக்கியது பெல்ஜியத்தின் ஸ்பா. ஆர்டென் மலைக்காடுகளுக்கு நடுவே பொதுச்சாலைகளை இணைத்து அமைக்கப்பட்டிருந்த அந்தத் தடத்தின் நீளம் 14.1 கிலோமீட்டர். ஒரு முனையில் வெயில் அடிக்கும்போது மறுமுனையில் மழை கொட்டுவது அங்கு வழக்கம். ஓட்டுநர் காய்ந்த சாலையிலிருந்து முன்னறிவிப்பின்றி ஈரத்துக்குள் நுழைய நேரும். சாலையோரத்தில் வீடுகள், மரங்கள், கம்பங்கள். தடுப்பு என்று எதுவும் இல்லை.

1958 மே 18 அன்று அங்கு நடந்த விளையாட்டுக் கார் பந்தயமே கிளார்க் வெளிநாட்டில் ஓட்டிய முதல் பந்தயம். சிறிய விமானத் தளங்களில் வென்று பழகியவருக்கு, முன்னணி வீரர்களான மாஸ்டன் கிரெகரியும் ஆர்ச்சி ஸ்காட் பிரவுனும் ஓட்டிய வேகம் திகைப்பூட்டியது. கிரெகரியின் கார் தம்மைக் கடந்து சென்ற விதத்தைக் கண்டு, இந்தத் தொழிலே வேண்டாம் என்று எண்ணியதாகப் பின்னர் அவர் நினைவுகூர்ந்தார். அதே பந்தயத்தில் மழைத்தூறலால் நனைந்திருந்த வளைவொன்றில் ஸ்காட் பிரவுனின் லிஸ்டர்-ஜாகுவார் வழுக்கித் தீப்பற்றியது. மறுநாள் அவர் இறந்தார்.

ஸ்காட் பிரவுனும் ஸ்காட்லாந்துக்காரர். கிளப் பந்தயங்களிலிருந்து எழுந்து வந்தவர். பிறவியிலேயே வலக்கை முழுமையாக வளராதவர், கால்களிலும் குறைபாடு உடையவர். அந்த உடலோடு, மருத்துவக் காரணம் காட்டிய அதிகாரிகளின் தடைகளையும் மீறி, பிரிட்டனின் முன்னணி விளையாட்டுக் கார் வீரர்களுள் ஒருவராக விளங்கியவர். அவர் விபத்துக்குள்ளான இடத்துக்கு அருகில்தான் 1939இல் மழையில் முன்னிலை வகித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் வீரர் டிக் சீமனும் மரத்தில் மோதி உயிரிழந்திருந்தார். 22 வயது விவசாயி தம் முதல் அயல்நாட்டுப் பயணத்தில் கண்டு திரும்பியது இது. ஸ்பா தடத்தின்மீது கிளார்க்குக்கு ஏற்பட்ட வெறுப்பு கடைசிவரை மாறவில்லை.

ஊர் திரும்பியவர் பந்தயத்தை விட்டுவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில், புதிய லோட்டஸ் எலீட் காரில் அந்நிறுவன அதிபர் காலின் சாப்மனுடனேயே மோதினார். குறுக்கே தடுமாறிய மற்றொரு கார் வழிமறித்ததால் சாப்மன் முந்தினார். கிளார்க் இரண்டாமிடம் பெற்றார். பழைய ஆஸ்டின் செவன் கார்களைத் தாமே மாற்றியமைத்து அமெச்சூர் கிளப் பந்தயங்களில் ஓட்டியதிலிருந்துதான் சாப்மனும் தொழிலுக்கு வந்தவர். அந்த இளைஞர் யார் என்பதை அவர் அன்றே கவனித்துக்கொண்டார். 1960இல் கிளார்க் லோட்டஸ் அணியில் சேர்ந்தார். வாழ்நாள் முழுவதும் வேறு எந்த அணிக்காகவும் ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டவில்லை. அதே ஆண்டு பார்டர் ரீவர்ஸ் குழுவின் ஆஸ்டன் மார்ட்டின் காரில் ராய் சால்வடோரியுடன் சேர்ந்து லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்றார். ஒரு கிராமப்புறக் குழுவுக்கு அது பெரும் சாதனை.

1960இல் மீண்டும் ஸ்பா சென்றபோது, அவரது இரண்டாவது கிராண்ட் பிரி பந்தயத்திலேயே கிறிஸ் பிரிஸ்டோவும் சக லோட்டஸ் வீரர் ஆலன் ஸ்டேசியும் சில நிமிட இடைவெளியில் மாண்டனர். மறு ஆண்டு மோன்ஸாவில் கிளார்க்கின் காரும் வோல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸின் காரும் உரசியதில், ஃபான் டிரிப்ஸுடன் பார்வையாளர்கள் பலரும் பலியாயினர். அந்த விசாரணையின் நிழல் அவரைச் சில ஆண்டுகள் தொடர்ந்தது.

அவருடைய மழைத்திறனைச் சொல்லப் பெரும்பாலோர் 1963 ஸ்பா பந்தயத்தையே எடுத்துக்காட்டுவர். எனினும் அதற்கு ஓராண்டு முன்னர் ஜெர்மனியின் நூர்பர்கிரிங் தடத்தில் அவர் ஓட்டிய 12 சுற்றுகள் அதைவிடக் குறைந்தவை அல்ல. 1962 மே மாதம் நடந்த 1,000 கிலோமீட்டர் விளையாட்டுக் கார் பந்தயம் அது. கிளார்க்குக்குக் கிடைத்தது லோட்டஸ் 23 என்னும் புத்தம்புதிய சிறிய கார். கிளப் பந்தய வீரர்கள் விலைகொடுத்து வாங்கி ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட வகை. அதன் என்ஜின் 1.5 லிட்டர், திறன் ஏறத்தாழ 100 குதிரைத்திறன். எதிரே நின்றவை ஃபெராரி, போர்ஷே, ஆஸ்டன் மார்ட்டின் போன்ற பெரிய தொழிற்சாலை அணிகளின் வலிமை மிக்க கார்கள்.

ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர். காடும் மலையும் பள்ளத்தாக்குமாகச் செல்லும் அந்தத் தடம் அன்று நனைந்திருந்தது. முதல் சுற்று முடிவில் நிறுத்துமிடச் சுவரோரம் காத்திருந்தவர்கள் கண்டது, தனித்து வந்த சிறிய பச்சைக் காரை மட்டுமே. 27 விநாடிகள் கழித்துத்தான் டான் கர்னியின் போர்ஷே வந்தது. அடுத்தடுத்த சுற்றுகளிலும் கிளார்க் இடைவெளியை அதிகரித்துக்கொண்டே சென்றார். சாலை காயத் தொடங்கியதும் பெரிய கார்களின் வலிமை வெளிப்படலாயிற்று. அதற்குள் லோட்டஸின் புகைக்குழாயில் ஏற்பட்ட விரிசலால் நச்சுப்புகை ஓட்டுநர் இருக்கைக்குள் புகுந்தது. 12ஆவது சுற்றில் தலைசுற்றலுடன் அவர் தடத்தை விட்டு விலகிப் பள்ளத்தில் இறங்கினார். பில் ஹில்லும் ஒலிவியே ஜென்டபியனும் ஓட்டிய ஃபெராரி வென்றது. முடிவுப் பட்டியலில் கிளார்க்கின் பெயர் இல்லை. ஆனால் அதன்பின் உலகெங்கும் கிளப் வீரர்கள் அந்தக் காரைத் தேடி வாங்கினர்.

1963 ஜூன் 9 அன்று ஸ்பாவில் அவர் எட்டாவது இடத்திலிருந்து புறப்பட்டு முதல் வளைவுகளுக்குள்ளேயே முன்னிலை பெற்றார். பந்தயத்தின் பிற்பகுதியில் இடியுடன் மழை கொட்டியது. அதற்குள் கியர் பெட்டியில் கோளாறு. உச்ச கியர் நழுவிக்கொண்டேயிருந்ததால் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியிருந்தது. இந்த நிலையில் அவர் இரண்டாமிடம் பெற்ற புரூஸ் மெக்லாரனைவிட 4 நிமிடம் 54 விநாடிகள் முன்னதாக வந்து சேர்ந்தார். மற்ற அனைவரும் ஒரு சுற்றோ அதற்கும் மேலோ பின்தங்கியிருந்தனர். தாம் வெறுத்த அந்தத் தடத்தில் 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றார் என்பதும், நான்காவது வெற்றியும் மழையில் கிட்டியதே என்பதும் குறிப்பிடத்தக்கவை.

1963இல் 10 பந்தயங்களில் ஏழில் வென்று முதல் உலகப் பட்டம். 1965இல் இரண்டாவது பட்டம். அதே 1965இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் 200 சுற்றுகளில் 190 சுற்றுகள் முன்னிலை வகித்து வென்றார். 1964இல் லோட்டஸ் கார்ட்டினாவில் பிரிட்டிஷ் சலூன் கார் பட்டமும் அவருக்கே. 1968 ஜனவரி 1 அன்று தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் பெற்ற 25ஆவது வெற்றி, ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோவின் சாதனையை முறியடித்தது. அதுவே அவருடைய கடைசி கிராண்ட் பிரி பந்தயமும் ஆயிற்று.

பந்தயக் காரில் அத்தனை தெளிவாக முடிவெடுத்தவர், வெளியே எந்த உணவகத்துக்குச் செல்வது என்பதைக்கூட முடிவு செய்யத் தயங்குவார் என்று நண்பர்கள் கூறுவர். நகங்களைக் கடித்துக் கடித்து விரல்நுனிகள் தேய்ந்திருந்தன. கூச்ச சுபாவம் உடையவர். புகழ் அவருக்குச் சுமையாகவே இருந்தது. பண்ணையின் கணக்கு வழக்குகளை வெளிநாட்டிலிருந்தும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

1968 ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் புதிய ஃபோர்டு விளையாட்டுக் காரை அவர் ஓட்டக்கூடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவர் சென்றதோ ஹாக்கன்ஹைமில் நடந்த ஃபார்முலா 2 பந்தயத்துக்கு. உலகப் பட்டப் புள்ளிகள் எதுவும் இல்லாத பந்தயம். மழையால் தடம் நனைந்திருந்தது. காரும் சரியாக இயங்கவில்லை. எட்டாவது இடத்தில் தனியே ஓடிக்கொண்டிருந்தார். ஐந்தாவது சுற்றில், காட்டுக்குள் செல்லும் நீண்ட வேகப்பாதையில் அவருடைய லோட்டஸ் 48 திடீரென இடமும் வலமுமாக அலைந்து சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. கழுத்து முறிந்து அவர் இறந்தார்.

பின்சக்கர டயரில் மெல்லக் காற்று இறங்கியிருக்க வேண்டும் என்பதே விசாரணையில் பரவலாக ஏற்கப்பட்ட காரணம். நேர்ப்பாதையில் டயர் விளிம்பை விட்டு நழுவினால், ஈரச்சாலையில் அதைத் திருத்த எந்தக் கைத்திறனும் போதாது. சாலைக்கும் மரங்களுக்கும் இடையே தடுப்பு ஏதேனும் இருந்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கலாம். சக வீரர்களை அந்த மரணம் உலுக்கியதற்குக் காரணமும் அதுவே. பிழை செய்யாதவர் என்று எல்லோரும் நம்பிய ஒருவரே இப்படி இறந்தால் மற்றவர்களின் கதி என்ன என்னும் அச்சம், ஜாக்கி ஸ்டீவர்ட் முன்னெடுத்த பாதுகாப்புக் கோரிக்கைகளுக்கு வலு சேர்த்தது. ஸ்டீவர்ட்டும் 1966இல் ஸ்பா மழையில் தடம்புரண்டு, பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் சிக்கித் தப்பியவர். ஹாக்கன்ஹைமில் அன்று ஓட்டியவர்களுள் மாக்ஸ் மோஸ்லி என்னும் இளம் வழக்கறிஞரும் ஒருவர். பிற்காலத்தில் சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராகி, பந்தயப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியவர் அவரே.

கிளார்க்கின் உடல் சர்ன்சைடு ஊர்த் தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லில் விவசாயி என்பது முதலிலும், உலகச் சாம்பியன் என்பது அதன் பின்னரும் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் வென்ற கோப்பைகள் அருகிலுள்ள டன்ஸ் நகரில், 2019இல் விரிவாக்கித் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஹாக்கன்ஹைமில் விபத்துக்குப் பின் தடுப்புவேலிகள் அமைக்கப்பட்டு, வேகத்தைக் குறைக்கும் வளைவு ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 2002இல் தடம் சுருக்கப்பட்டபோது அந்தப் பழைய காட்டுப்பாதை பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கு மரங்கள் நடப்பட்டன. அவருக்கான நினைவுக்கல் இன்றைய தடத்துக்கு அருகில் இடம் மாற்றி வைக்கப்பட்டுள்ளது.